பேரனின் பாத்தியதையும் எஸ்டேட் வரியும்

பிதிரார்ஜிதச் சொத்தில் பேரனுக்கு உள்ள பாத்தியதை தாத்தாவின் மரணத்தினால் உண்டாவதன்று, பேரனுடைய ஜனனத்தினாலேயே உண்டாவது என்னும் மிதாக்ஷர தர்மம் நம் தேசத்தின் பெரும்பகுதியில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்தபடியால், செல்வர் ஒருவர் காலமானதும் அவர் விட்டுச்சென்ற சம்பத்தில் ஒரு பாகத்தைச் சர்க்கார் பெறுகின்ற ஆங்கிலேய முறை இப்பக்கம் வந்தபோது, காலமானவர் விட்டுச்சென்றதுதான் எது என்னும் முதற் கேள்வியிலேயே அது தடைப்பட்டு நின்றது.

இலங்கையில் லேவாதேவி நடத்திவந்த நகரத்தார் குடும்பம் ஒன்றில் 1934-இல் மகனும் 1938-இல் தகப்பனாரும் காலமாயினர். அவிபக்த குடும்பச் சொத்துக்கு எஸ்டேட் வரி உண்டா என்ற விவகாரம் லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1957-இல்தான் முடிவுற்றது. பாகம் பிரியாத குடும்பத்தில் மகன் இறந்தமையால் வரிக்கு உரிய மதிப்பு எதுவும் தேறவில்லை என்றும், பின்னர் ஆண்மகன் ஒருவரே எஞ்சியிருந்தபோதிலும், சுவீகாரத்தின் மூலம் வம்சத்தை நீட்டிக்கவல்ல விதவைகள் இருந்தமையால் அது குடும்பச் சொத்தாகவே நிலைத்தது என்றும் அங்கே தீர்ப்பாயிற்று.

இந்தியாவிலோ, தேஷ்முக் நிதி மந்திரியாக இருந்த காலத்தில் இயற்றப்பட்டு 1953 அக்டோபர் 15 முதல் அமலுக்கு வந்த சட்டம், மரணத்துக்கு முந்திய கணத்தில் பாகப்பிரிவினை நிகழ்ந்ததாகப் பாவித்து, அதில் இறந்தவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்குக்கு வரி விதித்தது. சாதுரியமான ஏற்பாடுதான், ஆயினும் நியாயம் முழுமை பெறவில்லை. தகப்பனார் ஜீவித்திருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்னும் தாயபாகம் வழங்கிய வங்காளத்தில் சொத்து முழுவதும் வரிக்கு உள்ளாக, அதே அளவு ஆஸ்தியுள்ள நம் பக்கத்துக் குடும்பத்தில், இரண்டு புத்திரர்கள் இருந்தால், மூன்றில் ஒரு பங்கே அகப்பட்டது. இதைச் சரிக்கட்டும்பொருட்டு, வரி விகிதத்தை நிர்ணயிக்கையில் மட்டும் புத்திர பௌத்திரர்களின் பங்குகளையும் கூட்டிக்கொள்ளுமாறு பின்னர் ஒரு விதி சேர்க்கப்பட்டது. அது சமத்துவத்துக்கு முரணானது எனச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளிவிட, வேறு சில உயர்நீதிமன்றங்கள் அவ்வழிச் செல்லவில்லை.

உச்ச விகிதம் 85 சதவீதம்வரை ஏறிய இவ்வரியினால் வந்த வருமானம், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி ரூபாய்தான். அச்சிறு தொகைக்கு ஆகும் நிர்வாகச் செலவைக் காட்டி, செல்வ ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும் ராஜ்யங்களுக்கு நிதி சேர்க்கவும் இது உதவவில்லையென்று கூறி, நிதி மந்திரி வி. பி. சிங், 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு இவ்வரி இல்லையென்று செய்துவிட்டார். வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் எட்டாத விகிதத்தை ஏட்டில் எழுதிவைத்து, தப்பும் வழிகளைத் திறந்தே விட்டிருந்த சட்டத்தின் குறையை, அச்சட்டத்தின் நோக்கத்தின்மேல் ஏற்றியது நியாயமன்று. விகிதத்தைத் தணித்து, தாயபாகத்துக்கும் மிதாக்ஷரத்துக்கும் ஒரே அளவுகோலை வகுத்திருந்தால், பெருஞ்செல்வம் தலைமுறை தாண்டும்போது பொதுஜனங்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். செப்பனிட வேண்டிய சட்டத்தை அடியோடு நீக்கியது பிழையென்றே கருதுகிறேன்.