பெயரில் பொதிந்த அறிவு: தூக்க நோயும் செட்சி ஈயும்

ஒரு நோயின் வரலாற்றை மருத்துவ நூல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். மொழியியல் வழி வந்த நாம், மக்கள் இட்ட பெயர்களிலிருந்து தொடங்க விழைகிறோம். சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளை நெடுங்காலமாக வாட்டிய தூக்க நோயைப் பொறுத்தவரை மூன்று பெயர்கள் நம் கவனத்திற்கு உரியவை.

'செட்சி' என்பது தென்னாப்பிரிக்கப் பகுதியில் வழங்கும் த்சுவானா மொழிச் சொல். அதற்கு 'ஈ' என்பதே பொருள். ஆகவே 'செட்சி ஈ' என்று கூறும்போது, 'கேட்டுக் கதவு' என்பதைப் போல, ஒரு பொருளை இருமுறை சொல்கிறோம். 'நகானா' என்பது சூலு மொழிச் சொல். ஊக்கம் குன்றிச் சோர்ந்திருப்பதைக் குறிப்பது. இவ்வீ கடித்த மாடுகள் இளைத்து மடியும் நோய்க்கு அதுவே பெயராயிற்று. 'மொங்கோட்டா' என்பது உகாண்டாவின் லுகாண்டா மொழியில் மனிதருக்கு வரும் நோயின் பெயர்; தூங்கி வழிவதைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. நோயாளி பகலில் உறங்கி, இரவில் உறக்கமின்றித் தவித்து, இறுதியில் நினைவிழந்து மாள்வதைக் கண்ட மக்கள் அமைத்த சொல் அது.

இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. கூர்ந்த நோக்கின் விளைவுகள். ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்கள் செட்சி வாழும் புதர்க்காடுகளை அறிந்து விலக்கினர். கடந்தே ஆகவேண்டிய இடங்களில், ஈ கடிக்காத இரவு வேளையில் மந்தைகளை ஓட்டிச் சென்றனர். டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர் 1894ஆம் ஆண்டில் சூலு நாட்டிற்குச் சென்று, துணைவியார் மேரியின் உதவியுடன் ஆராய்ந்தபோது, நோயுற்ற மாடுகளின் குருதியில் டிரிப்பனோசோம் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டார். அதைச் சுமப்பது செட்சியே என்பதையும் நிறுவினார். ஈக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்ற மக்கள் அறிவு அவருக்கு முன்னரே இருந்தது. காரணத்தை நுண்ணோக்கி காட்டிற்று.

1901ஆம் ஆண்டில் உகாண்டாவின் மெங்கோ மருத்துவமனையில் தூக்க நோயாளிகள் முதன்முதலாக இனங்காணப்பட்டனர். விக்டோரியா ஏரிக்கரையில் நோய் காட்டுத்தீயாய்ப் பரவியது. அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டரை இலட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது கணிப்பு. 1902ஆம் ஆண்டில் அல்டோ கஸ்டெல்லானி நோயாளிகளின் தண்டுவட நீரில் டிரிப்பனோசோமைக் கண்டார். மறு ஆண்டு வந்து சேர்ந்த புரூஸ், புகாண்டாவின் தலைமை அமைச்சர் அப்போலோ கக்வாவின் துணையை நாடினார். ஊர்த் தலைவர்களும் சமயப் பணியாளர்களும் பல இடங்களிலிருந்து ஈக்களைப் பிடித்து அனுப்பினர். ஈ வாழும் இடங்களுக்கு ஒரு வரைபடமும், நோய் கண்ட இடங்களுக்கு ஒரு வரைபடமும் வரையப்பட்டன. இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. புகழ் ஒருவர் பெயரில் நின்றாலும், சான்றைத் திரட்டியவர் பலர் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

ஆனால், தீர்வு வகுக்கப்பட்டபோது மக்கள் துணைவராக இருக்கவில்லை. 1906ஆம் ஆண்டில் ஆளுநர் ஹெஸ்கெத் பெல், ஏரிக்கரையிலிருந்து இரண்டு மைல் அகலத்திற்கு உட்பட்டோர் அனைவரும் வெளியேற ஆணையிட்டார். பின்னர் செசே தீவுகளும் காலி செய்யப்பட்டன. வீட்டையும் வாழைத் தோட்டத்தையும் மீன்பிடித் தொழிலையும் விட்டு மக்கள் அகன்றனர். இறப்பு குறைந்தது உண்மையே. எனினும் ஈக்கள் அழியவில்லை; காட்டு விலங்குகளின் குருதியை உண்டு அவை கரையிலேயே வாழ்ந்தன. செசே மக்கள் மீளக் குடியேற 1920 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஈயின் இயல்பை அறிந்தால் வேறு வழி புலப்படும். மற்ற ஈக்கள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பெண் செட்சியோ ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றினுள் பால் போன்ற சுரப்பூட்டி வளர்த்து, ஒன்பது பத்து நாள்களுக்கு ஒருமுறை ஈனுகிறது. எனவே, இயல்பான இறப்புக்கு மேலாக, நூறு பெண் ஈக்களில் நாள்தோறும் நான்கை அழித்து வந்தாலே அவ்வினம் ஓரிடத்தில் தேய்ந்து மறையும்.

மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் உள்ள பிரின்சிப்பி தீவில் போர்த்துகீசியர் 1911 முதல் 1914 வரை இதைச் செய்து காட்டினர். கொக்கோத் தோட்டத் தொழிலாளரின் முதுகில் பசை பூசிய கறுப்புத் துணியைக் கட்டிவிட்டனர். குருதி தேடி வந்த ஈக்கள் ஒட்டிக்கொண்டு மடிந்தன. புதர்களும் வெட்டப்பட்டன, ஈயின் இரையான காட்டுப் பன்றிகள் கொல்லப்பட்டன. தீவிலிருந்து செட்சி ஒழிந்தது. அறிவியல் வெற்றிதான், ஆயினும் பொறியாக நின்றது கூலியாளின் உடல். நாற்பதாண்டுகளுக்குப் பின், 1956ஆம் ஆண்டில் ஈ அத்தீவில் மீண்டும் காணப்பட்டது. 1958ஆம் ஆண்டிற்குள் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. அக்கறுப்புத் துணியின் வேலையை இன்று ஆற்றங்கரைகளில் நடப்படும், பூச்சிமருந்து தோய்த்த நீலத் துணிகள் செய்கின்றன. செட்சியை நீல நிறம் ஈர்க்கும்.

இவ்வரலாற்றின் கசப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. ஊர் ஊராகச் சென்று குருதியைச் சோதித்த நடமாடும் மருத்துவக் குழுக்களின் உழைப்பால், 1960களின் நடுவில் ஆப்பிரிக்கா முழுவதிலும் பதிவான நோயாளிகள் ஆண்டுக்கு 5,000 பேருக்கும் குறைவு. நோய் ஒழிந்தது என்று எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தினர். போர்கள் மருத்துவப் பணியைக் குலைத்தன. 1998ஆம் ஆண்டில் பதிவானோர் ஏறத்தாழ 40,000 பேர். கண்டறியப்படாமல் இருந்தோர் மூன்று இலட்சம் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எண்ணிக்கை சிறுத்தபோது கவனமும் சிறுத்ததற்கு மக்கள் தந்த விலை அது.

மீண்டும் முனைந்து உழைத்ததன் பயனாக, 2019ஆம் ஆண்டில் பதிவானோர் 1,000 பேருக்கும் குறைந்தனர். ஒரு காலத்தில் முற்றிய நோய்க்கு அளித்த ஆர்செனிக் கலந்த ஊசிமருந்து, நூறு நோயாளிகளில் ஐவரையேனும் கொன்றது. இன்றோ பலருக்கு வாய்வழி உட்கொள்ளும் மாத்திரையே போதும். மருந்துக்கு அஞ்சாத மக்கள் சோதனைக்குத் தாமே முன்வருவர். ஊரிலேயே பயிற்சி பெற்ற நலப்பணியாளர் அவர்கள் மொழியிலேயே அறிகுறிகளைக் கேட்டறிவார்.

இங்குதான் நாம் தொடங்கிய பெயர்களின் பயன் தெரிகிறது. மருத்துவர் 'டிரிப்பனோசோம்' என்று வினவினால் ஏரிக்கரை மூதாட்டிக்கு விளங்காது. 'மொங்கோட்டா' என்றால் விளங்கும். நோயாளிகள் அருகி, ஓர் ஊரில் ஒருவர் மட்டுமே எஞ்சியிருக்கும் காலத்தில், அவரைக் கண்டறிய உதவுவது அந்தச் சொல்லே. அது வழக்கொழிந்தால், அடுத்த தலைமுறை நோயை நேரில் கண்டும் இன்னதென்று அறியாது. ஆகவே, ஒரு மொழியின் நோய்ப் பெயர்களைத் தொகுத்துப் பாதுகாப்பது அகராதிப் பணி மட்டுமன்று. உயிர்காக்கும் பணியும் ஆகும் என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம்.