ஓடும் மணிக்கூடும் கோள்மண்டலமும்

கொட்டாஞ்சேனையில் முன்பு ஒரு மணிக்கூடு திருத்துபவர் இருந்தார். வெள்ளவத்தையிலிருந்து எங்கள் வீட்டுச் சுவர்மணிக்கூட்டைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு அவரிடம் போவேன். "நிண்ட பிறகு ஏன் தம்பி கொண்டு வாறீர்? ஓடேக்கயே கொண்டு வரவேணும்" என்று ஒவ்வொரு முறையும் ஏசுவார். காய்ந்த எண்ணெயில் தூசி சேர்ந்தால் அது அரம்போலப் பல்லைத் தின்றுவிடும் என்பார்.

நேயர்களே, கொழும்பு ஏழில் தாமரை வடிவில் நிற்கும் கோள்மண்டலத்தைப் பற்றிப் பேச வந்த எனக்கு அந்த மனிதரே முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்.

1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சிக்காக எழுந்த கட்டடம் அது. வடிவமைத்தவர் பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க. களுத்துறையில் உள்ளே வெறுமையாக நிற்கும் தாதுகோபமும் அவருடையதே. கட்டடத்தைப் புகழ்ந்தோர் பலர். என் அக்கறையோ நடுவே இருளில் நின்ற கருவியில். அன்றைய கிழக்கு ஜேர்மனியில், யேனா நகரின் கார்ல் சைஸ் தொழிற்சாலையில் பிறந்தது அது. 1923இல் மியூனிக்கில் முதன்முதல் காட்டப்பட்ட கருவியின் வழித்தோன்றல்.

இவ்வகைக் கருவியின் இரு முனையிலும் இரண்டு உருண்டைகள். ஒன்றில் வடவானம், மற்றதில் தென்வானம். உள்ளே விளக்கு, சுற்றிலும் நுண்துளையிட்ட தகடுகளும் வில்லைகளும். கோள்களை நடத்துவன பற்சக்கரங்கள். பல் தேய்ந்தால் செவ்வாய் நடுங்கும். அடிவானத்துக்குக் கீழே ஒளி போகாதபடி தம் பாரத்தாலேயே மூடிக்கொள்ளும் இமைகளும் உண்டு. இமையொன்று இறுகிவிட்டால் பார்ப்பவர் மடியிலே விண்மீன் விழும். பிள்ளைகள் அதைக் கண்டு கைதட்டுவார்கள்; கருவியைக் காப்பவருக்கோ வயிறு கலங்கும்.

எப்போது நிறுத்திப் பழுதுபார்ப்பது? தொலைநோக்கிக்காரருக்கு இயற்கையே நாள் குறித்துக் கொடுக்கிறது. தமிழ்நாட்டுக் காவலூரில் (நமது ஊர்காவற்றுறையல்ல, ஜவ்வாது மலையிலுள்ளது) 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீற்றர் தொலைநோக்கியின் ஆடி மங்கினால் பழைய அலுமினியப் பூச்சைக் கழுவி, வெற்றிட அறையில் புதிதாகப் பூசவேண்டும். மழைமேகம் வானத்தை மறைக்கும் மாதங்களில் இத்தகைய வேலைக்குக் கதவடைத்தால் யாருக்கும் நட்டமில்லை.

கோள்மண்டலத்துக்கு மழைக்காலம் கிடையாது. ஐப்பசி அடைமழையிலும் அங்கே வானம் தெளிவு. தூர மாகாணங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எந்த நாளும் நல்ல நாள். ஒரு கிழமை மூடினாலும் சில பிள்ளைகள் வானத்தைக் காணாமலே வீடு திரும்புவர். அவர்களில் சிலருக்கு இன்னொரு பயணம் வாய்க்காது. ஆகவே "இந்தத் தவணை போகட்டும்" என்று தள்ளிப்போடத் தோன்றும். அந்த இரக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் மூடுவதே சரியென்பது என் கட்சி.

காரணம் உண்டு. போருக்குப் பின் இரண்டாகப் பிரிந்த சைஸ் நிறுவனம், ஜேர்மனி ஒன்றான பின் 1991இல் மீண்டும் இணைந்தது. பழைய யேனாக் கருவிகளைச் செய்த கைகளும் ஓய்வுபெற்றன. தேய்ந்த பல்லுக்கு மாற்றுப் பல்லைக் கடையில் வாங்க இயலாது. பிற்காலத்தில் கோள்மண்டலமும் ஒரு தடவைக்கு மேல் திருத்த வேலைக்காக மூடப்பட்டது.

கொட்டாஞ்சேனைக்காரர் வேலை முடிந்ததும் மணிக்கூட்டுக் கதவின் உட்புறத்தில் திகதியைப் பென்சிலால் எழுதுவார். அதன் கீழே, அடுத்து நான் வரவேண்டிய ஆண்டையும் எழுதி, இரண்டு தரம் கோடிடுவார்.