பெயர் மறைத்த பிறப்பு

அர்ஜென்டினாவின் வடமேற்கே, சால்தா மாநிலத்தில், கஃபயாதே என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். பகலில் கடும் வெயில், இரவில் குளிர். அங்கே விளையும் தொரோந்தேஸ் ரியோஹானோ என்னும் வெண்திராட்சையின் ஒயினில் மல்லிகையும் ரோஜாவும் எலுமிச்சைத் தோலும் கலந்ததொரு மணம் எழும். மணத்தை நம்பி இனிப்பை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். நாவில் அது பெரும்பாலும் இனிப்பற்றது.

மணத்தைப் போலவே பெயரும் ஏமாற்றியது. ஸ்பெயினில் தொரோந்தேஸ் என்னும் பெயரில் திராட்சைகள் உண்டு. ரியோஹா என்னும் புகழ்பெற்ற ஒயின் நாடும் அங்கே உண்டு. ஆகவே இது ஸ்பெயினிலிருந்து வந்த கொடி என்று எண்ணுவது இயல்பாயிற்று. உண்மையில் ரியோஹானோ என்பது அர்ஜென்டினாவின் லா ரியோஹாவைக் குறிக்கும். 1591இல் அந்நகரை நிறுவிய ஹுவான் ராமிரேஸ் தெ வெலாஸ்கோ, தம் பிறந்த மண்ணின் பெயரை அதற்குச் சூட்டினார்.

2003இல் வெளியான மரபணு ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது. ஸ்பெயினின் தொரோந்தேஸுக்கும் இதற்கும் உறவில்லை. இதன் பெற்றோர் இருவர்: மணமிக்க அலெக்சாந்திரியா மஸ்கட், கரிய நிறக் கிரியோயா சீகா. பின்னது சிலேயில் பயிஸ் எனவும், கலிபோர்னியாவில் மிஷன் எனவும் வழங்குவது. திருப்பலிக்கு ஒயின் வேண்டிய துறவியர் தோட்டங்களில் பரவியது.

திராட்சையைக் குச்சி நட்டுப் பெருக்குவதே வழக்கம். அப்போது தாய்க்கொடியின் குணம் மாறாது. விதையிலிருந்து எழும் கன்றோ புதியதோர் உயிர். அடுத்தடுத்து நின்ற இரு கொடிகளின் மகரந்தம் கலந்து, பழம் உதிர்ந்து, விதை முளைத்தது. அதைக் களையெனப் பிடுங்கியெறியாமல் ஒருவர் விட்டுவைத்தார். அதன் காய் மணப்பதைக் கண்டு குச்சி வெட்டி நட்டார். நகரை நிறுவிய ஆளுநரின் பெயர் ஆவணத்தில் நிற்கிறது. இந்தத் தோட்டக்காரரின் பெயர் எங்கும் இல்லை.

1853இல் மென்தோசாவில் மிஷேல் எமே பூஜே தலைமையில் வேளாண் பள்ளி தோன்றியது. மால்பெக் முதலிய பிரெஞ்சுக் கொடிகள் வேரூன்றின. அதன்பின் ‘கிரியோயா’ என்ற சொல் தரக்குறைவின் அடையாளமாயிற்று. அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களைக் குறித்த அதே சொல்தான் அங்கே பிறந்த கொடிகளுக்கும் வழங்கியது என்பதைக் கருதவேண்டும். அக்குடும்பத்துப் பிள்ளையான தொரோந்தேஸோ, ஸ்பானியப் பெயருக்குள் பிறப்பை மறைத்துக்கொண்டு வாழ்ந்தது. இன்று அர்ஜென்டினா தனக்கே உரியதெனப் பெருமையோடு உலகுக்கு அளிக்கும் வெண்திராட்சை அதுவே.

பெயரைச் சான்றாகக் கொண்டு பூர்வீகம் எழுதும் பழக்கம் நம் துறையிலும் உண்டு. பெயர் சூட்டுபவர் ஒருவர். பேணி வளர்ப்பவர் வேறொருவர். ஆவணம் பெரும்பாலும் முன்னவரையே அறியும்.