ஏடும் தீயும் சட்டமும்

தமிழ்ச் சமய வரலாற்றில் நூலும் தீயும் ஒன்றையொன்று எதிர்கொண்ட செய்தி புதியதன்று. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம், மதுரையில் திருஞானசம்பந்தரும் சமணரும் தத்தம் ஏடுகளைத் தீயிலிட்டு வாது செய்ததாகவும், கருகாமல் நின்ற சம்பந்தரின் ஏடே வென்றதாகவும் கூறுகிறது. அனல்வாதம் எனப்பட்ட அந்தக் கதையில் தீதான் நடுவர். எந்த ஏடு மெய் என்பதை மனிதர் முடிவு செய்யாமல் நெருப்பிடம் ஒப்படைத்தனர். 20ஆம் நூற்றாண்டில் இதே நிலத்தில் நூல்களையும் படங்களையும் தீயிலிட முன்வந்தவர்களோ, தீர்ப்பைத் தாமே முன்கூட்டி எழுதிக்கொண்டு, அதை ஊரறியச் செய்யும் கருவியாக மட்டுமே தீயைக் கையாண்டனர். நடுவர் பொறுப்பு அதன் பின் நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வந்து சேர்ந்தது. அவ்விரண்டும் அப்பொறுப்பை எவ்வாறு ஆற்றின என்பது, இந்தியாவில் பேச்சுரிமைக்கும் சமயப் பொறைக்கும் இடையிலான எல்லை எப்படி வரையப்பட்டது என்பதன் வரலாறும் ஆகும்.

சாதி ஏற்றத்தாழ்வுக்குச் சான்றாகக் காட்டப்படும் நூல்களை எரிக்க வேண்டும் என்ற குரல், காங்கிரஸ் கட்சிக்குள்ளிருந்தே எழுந்தது. 1922இல் திருப்பூரில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில், அப்போது அக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக இருந்த ஈ.வெ. இராமசாமி (பெரியார்), மனுதர்மத்தையும் இராமாயணத்தையும் கொளுத்த வேண்டும் என்று பேசினார். சொல்லாக இருந்தது செயலானது மராட்டிய நாட்டில்தான். 1927 டிசம்பர் 25 அன்று மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் கூடிய ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாடு, மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றி, ஆழமில்லாத சிறு குழி ஒன்றை வெட்டி, அதில் சந்தனக் கட்டைகளை அடுக்கி, அந்நூலின் படியை அன்றிரவே தீயிலிட்டது. பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகக் கூடிய அம்மக்களுக்கு ஊரில் இடம் தர மற்றவர் தயங்கிய நிலையில், ஒரு முஸ்லிமின் சொந்த நிலத்திலேயே பந்தல் போடப்பட்டது. எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரோ பிராமணரான சகஸ்ரபுத்தே. பின்னாளில் தமிழகத்தில் நடந்த எரிப்புகள் பலவற்றிலும் காணப்படும் மூன்று இயல்புகள் மகாட்டிலேயே தெளிவாக இருந்தன: எரிக்கும் நோக்கம் முன்னதாக அறிவிக்கப்பட்டது, எரிந்தது எரித்தவர் கையிலிருந்த படி மட்டுமே, விளைவை ஏற்க அவர்கள் ஆயத்தமாக இருந்தனர்.

இத்தகைய செயலை அளக்க அன்றிருந்த சட்டம், வேறொரு கவலையில் பிறந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 295ஆம் பிரிவில், ஒரு வகுப்பாரின் சமயத்தை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வழிபாட்டு இடத்தையோ அவ்வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருளையோ அழிப்பதும் கெடுப்பதும் குற்றம் என்று கூறி, இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. பல சமயத்தார் நெருங்கி வாழும் நாட்டில் கோயிலும் மசூதியும் கலகத்தில் சிதையாமல் காப்பதே அன்றைய ஆட்சியாளரின் நோக்கம். ஆனால் ‘பொருள்’ என்பதில் எவையெல்லாம் அடங்கும் என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. பசு அப்பிரிவில் கூறப்படும் பொருள் ஆகாது என்று 1887இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வட இந்தியாவில் பசுப் பாதுகாப்பு இயக்கத்துக்கு வேகமூட்டியது. நபிகள் நாயகத்தைப் பழிக்கும் நூல் ஒன்றை லாகூரில் வெளியிட்டவர் விடுதலையானதை ஒட்டி எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 1927இல் 295-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பொருளை அழித்தலுக்கு அப்பால், எழுத்தாலும் பேச்சாலும் வேண்டுமென்றே தீய நோக்கத்துடன் சமய உணர்வைப் புண்படுத்துவதும் அதன்வழி குற்றமாயிற்று. மகாட்டில் மனுஸ்மிருதி எரிந்ததும் அதே ஆண்டில்தான்.

தமிழகத்தில் எரிப்புப் பேச்சு முதலில் சந்தித்தது வழக்கறிஞர்களை அல்ல, தமிழறிஞர்களை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற, பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தாரின் கருத்தைப் பற்றி 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் நடந்த சொற்போரில், சி.என். அண்ணாதுரை (அண்ணா) ஒரு பக்கமும் ரா.பி. சேதுப்பிள்ளை மறுபக்கமும் நின்று வாதிட்டனர். மார்ச் 14 அன்று சேலத்தில் நடந்த அடுத்த சொற்போரில் அண்ணாவை எதிர்த்துப் பேசியவர், 1938இன் இந்தி எதிர்ப்பில் அவ்வியக்கத்தாரோடு தோள் சேர்ந்து நின்ற நாவலர் சோமசுந்தர பாரதியார். தமிழர் உள்ளத்தில் ஆரிய நெறியையும் சாதி ஏற்றத்தையும் இந்நூல்கள் பதிக்கின்றன என்பது ஒரு தரப்பின் வாதம். கவிச்செல்வத்தைக் கொள்கைப் பகையால் அழிக்கலாகாது என்பது மறுதரப்பின் வாதம். இவ்விரு கூட்டங்களின் உரைகளும் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாகிப் பல பதிப்புகள் கண்டன. எரிக்கச் சொன்னவரும் தடுக்கச் சொன்னவரும் ஒரே மேடையில் அமர்ந்து, அவையோரின் கைதட்டலையும் முணுமுணுப்பையும் ஒருங்கே கேட்டனர் என்பது, சமயப் பொறையைப் பற்றிய எந்த ஆய்விலும் விடுபடக் கூடாத செய்தியாகும்.

சட்டம் நேரடியாகக் களத்துக்கு வந்தது 1953இல். இராஜாஜி முதலமைச்சராக இருந்த அந்த ஆண்டில், புத்தர் நினைவு நாளாகத் தேர்ந்துகொள்ளப்பட்ட மே 27 அன்று பிள்ளையார் உருவங்களை உடைக்கும் கிளர்ச்சியைப் பெரியாரின் திராவிடர் கழகம் அறிவித்தது. கோயில் கருவறைகளில் இருந்த சிலைகள் எவையும் தொடப்படவில்லை. மண்ணால் செய்த பிள்ளையார் உருவங்களே உடைபட்டன. திருச்சிராப்பள்ளி நகர மன்றத் திடலில் மாலை ஐந்தரை மணி அளவில் பெரியார் தம் கையால் ஒரு மண் பிள்ளையாரை உடைத்ததையடுத்து, அவ்வூர்ச் சைவரான வீரபத்திரன் செட்டியார் அவர்மீதும் தொண்டர்கள்மீதும் 295, 295-அ பிரிவுகளின்கீழ் முறையீடு செய்தார்.

முறையீட்டை விசாரித்த நடுவர் அதைத் தொடக்க நிலையிலேயே தள்ளுபடி செய்தார். பிள்ளையாரின் சாயலில் மண்ணை உருட்டிவைத்த மாத்திரத்தில் அது புனிதப் பொருள் ஆகிவிடாது என்பதும், வழிபாடு முடிந்து மக்கள் கைவிட்ட பிள்ளையார் உருவங்கள் தூய்மையற்ற இடங்களிலெல்லாம் கிடப்பதைக் காணலாம் என்பதால் அவற்றை எவரும் புனிதமாகக் கருதுவதாகக் கொள்ள முடியாது என்பதும் அவருடைய காரணங்கள். சதுர்த்தி முடிந்த மறுவாரத்தில் குளக்கரையையும் ஆற்றங்கரையையும் பார்த்த எவருக்கும் அறிமுகமான காட்சியே நீதிமன்றக் காரணமாயிற்று. அமர்வு நீதிபதியும் சென்னை உயர் நீதிமன்றமும் அம்முடிவில் தலையிட மறுத்தன. சட்ட வாசகத்தில் ‘வழிபாட்டு இடம்’ என்ற சொல்லை அடுத்துப் ‘பொருள்’ என்ற சொல் வருவதால், முன்னதோடு ஒத்த தன்மையுடைய, முறைப்படி நிறுவி வழிபடப்படும் பொருளையே அது குறிக்கும் என்ற சுருக்கமான பொருள்கோள் அத்தீர்ப்புகளுக்கு அடிப்படையாக இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று முடிந்தது 1958 ஆகஸ்ட் 25 அன்று. பின்னாளில் தலைமை நீதிபதியான பி.பி. சின்கா எழுதிய அத்தீர்ப்பு, கீழ் நீதிமன்றங்களின் பொருள்கோளை முற்றிலும் மறுத்தது. ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதினால் போதும். அது எவ்வளவு அற்பமானதாயினும், விலைமதிப்பு இல்லாததாயினும், கோயிலில் நிறுவப்படாததாயினும் 295ஆம் பிரிவின் காப்புக்கு உரியதே. குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிபு போன்ற நூல்களும் அதில் அடங்கும் என்று அது விளக்கியது. நீதிமன்றங்கள் தம் சொந்தக் கருத்தை ஒதுக்கிவைத்து, பல்வேறு வகுப்பாரின் சமய உணர்வுகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆயினும் நிகழ்வு நடந்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டதைக் காட்டி, மறுவிசாரணைக்கு உத்தரவிடாமல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்ட விளக்கம் முறையீட்டாளர் பக்கம் சாய்ந்தது. பெரியாரோ தண்டனை இன்றியே நின்றார். புனிதத்தை அளக்கும் கோல் பொருளிலிருந்தும் அதன் உடைமையாளரிடமிருந்தும் நீங்கி, நம்புவோரின் உள்ளத்துக்கு மாறியதே இத்தீர்ப்பின் நிலைத்த விளைவு. அந்தக் கோல் எளிய மக்களின் மண் தெய்வங்களுக்கும் பெருங்கோயில் மூர்த்திகளுக்கும் சம மதிப்பு அளித்தது என்பது அதன் சிறப்பு; எந்தப் பொருளையும் எந்த வகுப்பாரும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிக்கொள்ள வழிவிட்டது என்பது அதன் ஆபத்து.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே கிளர்ச்சிகள் தொடர்ந்தன. 1956 ஆகஸ்ட் 1 அன்று இராமன் படத்தை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தபோது, காமராசர் அரசு அவரைக் கைது செய்து, பின் விடுவித்தது. மக்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட விதத்துக்கு அண்ணாவின் நிலைப்பாடு ஒரு சான்று. 1949இலேயே திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிவிட்ட அவர், பிள்ளையாரை உடைப்பதுமில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுமில்லை என்று தம் கட்சியின் வழியை வகுத்தார். தேர்தல் அரசியலுக்கு ஏற்ற அந்த நடுவழியே பின்னர் தமிழகத்தின் பெருவழியாயிற்று.

அரசின் பொறுமை தீர்ந்தது சமயச் சின்னத்தில் அல்ல, அரசின் சொந்தச் சின்னத்தில். 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூரில் கூடிய திராவிடர் கழகத்தின் தனி மாநாடு, சாதியைக் காக்கும் பிரிவுகளை நீக்காவிட்டால், அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாளான நவம்பர் 26 அன்று அதைக் கொளுத்துவோம் என்று தீர்மானித்தது. அச்சட்டத்தை வரைந்த குழுவின் தலைவரான அம்பேத்கரே, அதை எரிக்கும் முதல் ஆளாகத் தாம் இருப்பதாக 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையில் சினந்து கூறியிருந்தார். எரித்தால் என்ன தண்டனை என்று அன்றைய சட்டத்தில் தெளிவாக இல்லாததால், சென்னைச் சட்டமன்றம் அந்த நவம்பரிலேயே தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றி, மூன்று ஆண்டு வரை சிறை என்று வகுத்தது. குறித்த நாளில் ஊர்தோறும் தொண்டர்கள் அச்சட்டத்தின் படிகளைக் கொளுத்தினர்; ஆயிரக்கணக்கானோர் கைதாகி, பலர் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை தண்டனை பெற்றனர். நீதிமன்றத்தில் எதிர்வழக்காடாமல் செயலை ஒப்புக்கொண்ட அவர்களுள் சிறையிலேயே உயிர்நீத்தவர்களும் உண்டு. பிள்ளையார் வழக்கு ஐந்து ஆண்டுகள் இழுபட்டு எவரையும் சிறைக்கு அனுப்பாமல் முடிந்தது. அரசமைப்புச் சட்ட எரிப்போ சில வாரங்களுக்குள் சிறைகளை நிரப்பியது. மதச்சார்பற்ற அரசு தன் புனிதத்தைக் காப்பதில் காட்டிய வேகம், மக்களின் புனிதங்களைக் காப்பதில் காட்டிய வேகத்தைவிடப் பன்மடங்கு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் வெளிப்படுத்துகின்றன.

சென்னை வகுத்த வழியை நாடாளுமன்றம் 1971இல் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. அரசமைப்புச் சட்டத்தின் ஆட்சிமொழி பற்றிய 17ஆம் பகுதியை எரிக்க முயன்று 1963இல் அண்ணா சிறை சென்றதும், அதே பகுதியை எரித்ததற்காக 1986இல் க. அன்பழகன் உள்ளிட்ட பத்துத் தி.மு.க. உறுப்பினர்கள் சட்டமன்றப் பதவியை இழந்ததும் அந்தத் தொடர்ச்சியின் கண்ணிகள். மறுபுறம், எழுத்துரிமையைப் பொறுத்தவரை நீதிமன்றம் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டது. பெரியாரின் இராமாயண ஆய்வு நூலின் இந்தி மொழிபெயர்ப்பான ‘சச்சி ராமாயண்’ நூலை 1969இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தபோது, எந்தப் பகுதி எக்காரணத்தால் உணர்வைப் புண்படுத்துகிறது என்பதை அரசு ஆணையில் கூறவில்லை எனக் காட்டி அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய 1976ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை உறுதி செய்தது. நூலை வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். பறிக்கும் அரசு காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்ற அந்த நெறி, புண்பட்ட உணர்வு தானாகவே சட்டமாகிவிடாது என்பதை நிலைநாட்டியது.

தீயிடல் அனைத்தும் ஒரே தன்மையது என்று கொள்வது இவ்வரலாற்றைத் திரிப்பதாகும். 1981இல் மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் மீண்டும் பெற இயலாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இரவில், ஆயுதம் தாங்கியோரின் கையால், பிறர் உடைமையில், அவர்கள் படிக்கும் வாய்ப்பையே ஒழிக்கும்படி நடந்தது அது. மகாட்டிலும் தமிழகத்திலும் எரிந்த படிகளோ, மறுநாளே கடையில் வாங்கக் கூடியவை. எரித்ததால் எவரும் கம்பனையோ மனுவையோ படிக்க முடியாமல் போகவில்லை. ஒன்று அழிப்பு; மற்றொன்று, கேட்போருக்குக் கசந்தாலும், கருத்து.

1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் வழக்கொழிந்து, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய 295, 295-அ பிரிவுகள் அதில் 298, 299 என எண் மாறி நிற்கின்றன. புனிதம் எது என்பதற்கு 1958இல் கூறப்பட்ட விளக்கத்தின் நிழல் அவற்றிலும் தொடர்கிறது. எரிந்த படிக்கும் அழிந்த நூலகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிரிவுகளின் சொற்கள் கூறுவதில்லை. அதைக் காணும் பொறுப்பு நடுவரையே சாரும். தமிழகத்தில் இந்த எரிப்புகள் பெருங்கலகமாக வெடிக்காமல் நின்றதற்குச் சிறைத் தண்டனையைவிட, எரிக்கச் சொன்னவரை ஒரே மேடையில் மறுத்துப் பேசிய சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியாரும், சட்டத்தைக் கையில் எடுக்காமல் நீதிமன்றப் படியேறிய வீரபத்திரன் செட்டியாருமே பெரிய காரணம்.