அடையாள அட்டைப் படமும் கல்பிட்டியின் பழைய கமராவும்

உம்மாவின் வாப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஒரேயொரு படம்தான் இருக்கிறது. அது அவருடைய தேசிய அடையாள அட்டையில் உள்ள படம். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் குடும்பம் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்து இறங்கியது. கல்யாண அல்பம் அலுமாரியிலேயே கிடந்தது. "உசிரோட கரை சேர்ந்ததே பெரிசு மகன், படத்த யாரு நெனச்சா?" என்று உம்மா இப்போதும் சொல்வார். அட்டை மட்டும் அவருடைய வாப்பாவின் சட்டைப் பையில் இருந்ததால் தப்பியது.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறிய அந்த நாட்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. விட்டுவந்த காணி, வீடு, வள்ளம், நகை எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்கிறோம். விட்டுவந்த படங்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அந்த ஒற்றைப் படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கும் என்று அறியப் போய்த்தான், கல்பிட்டியில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு காக்காவிடம் கமரா பழகத் தொடங்கினேன்.

அவரிடம் இருந்தது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிகள் கொண்ட யாசிகா மெட். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இல் வெளிவந்த ரோலிபிளெக்ஸைப் பின்பற்றி ஜப்பானில் 1957இல் வந்த வகை. மேல் கண்ணாடி நாம் பார்ப்பதற்கு. கீழ்க் கண்ணாடிதான் படம் பிடிக்கும். ஒரு ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள்.

"அந்தக் காலத்துல படம் எடுக்க நம்ம ஆக்கள் லேசுல வருவாங்களா?" என்று கேட்டேன். "ஹஜ்ஜுக்குப் பாஸ்போட் வேணும்னா வருவாங்க. பொறகு அடையாள அட்ட வந்திச்சு, எல்லாரும் வந்தாங்க" என்றார். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின்படி 1972 முதல் அட்டை வழங்கப்பட்டது. உருவப்படம் கூடாது என்று ஒதுங்கியிருந்த பெரியவர்கள் பலரையும் கமராவின் முன் உட்கார வைத்தது இந்தச் சட்டம்தான்.

உலமாக்களிடையே இந்த விவாதம் பழையது. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ, புகைப்படம் என்பது உருவம் படைப்பதல்ல, நிழலைத் தடுத்து வைப்பதே என வாதிட்டு அதை அனுமதித்தார். மாற்றுக் கருத்துடையோரும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனால் மதீனாவை முதன்முதலில் படம் பிடித்தவரே ஒரு முஸ்லிம்தான். எகிப்திய இராணுவ அதிகாரி முஹம்மத் சாதிக் 1861இல் அதைச் செய்தார்.

காக்கா இன்னொரு காரணமும் சொன்னார். "இந்தக் கமராவ நெஞ்சுக்குக் கீழ வச்சு, தலையக் குனிஞ்சுதான் பாக்கணும். ஆள நேருக்கு நேர் மொறச்சுப் பாக்கிறதில்ல. அதனால பொம்புளையளும் கூச்சப்படல்ல." பழகிய பிறகு அது உண்மை என்று உணர்ந்தேன்.

பழகுவது எளிதாக இருக்கவில்லை. மேலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகத் தெரியும். இடப்பக்கம் போகும் வள்ளத்தைத் தொடர நானும் எதிர்ப்பக்கமே திரும்பினேன். வெளிச்சத்தை அளக்க அதில் கருவி இல்லை. 100 வேகப் பிலிமுக்கு நல்ல வெயிலில் துவாரம் 16, வேகம் 125இல் ஒரு செக்கன் என்பது பாடம். புத்தளம் உப்பளத்தின் வெள்ளைப் பளபளப்பைக் கண்டு துவாரத்தை இன்னும் ஒடுக்கினேன். உப்பு அழகாக வந்தது, மனிதரின் முகம் கறுத்துப் போனது. "முகத்துக்குக் கணக்குப் பாரு, உப்புக்குப் பாக்காத" என்றார் காக்கா. அஸருக்குப் பின், ஒலைக் கொட்டில் வாசலில் ஆளை இருத்தி எடுக்கச் சொல்லித் தந்தார்.

உம்மாவை அப்படித்தான் எடுத்தேன். கிட்ட நின்று எடுத்த முதல் படத்தில் முக்காட்டின் மேற்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையேயுள்ள உயர வித்தியாசத்தை நான் மறந்துவிட்டேன். இரண்டாவது சரியாக வந்தது.

காக்காவின் பெட்டியில் கிடந்த பழைய நெகற்றிவ்களைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பூஞ்சணம் பிடித்துப் பாதி அழிந்துவிட்டன. மிஞ்சியவற்றில் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. சிலரை அவர் அடையாளம் சொல்கிறார். பலரை அவருக்கும் நினைவில்லை.

வாசகர்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். வீட்டிலுள்ள பழைய படங்களையும் நெகற்றிவ்களையும் ஈரம் படாத இடத்தில், கடதாசி உறையில் தனித்தனியாக வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, உறையின் மேல் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். உம்மாவின் படத்துக்கு நான் எழுதிவிட்டேன். "ஊரு எண்டு எதப் போட்டா?" என்று கேட்டார். எருக்கலம்பிட்டி, கல்பிட்டி இரண்டையும் எழுதியிருப்பதைக் காட்டினேன்.