நில நடுக்கமும் அகதி முகாம்களும்: சான்பிரான்சிஸ்கோ, 1906

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், புதன்கிழமை, விடியற்காலை 5 மணி 12 நிமிடத்திற்கு, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ மாநகரம் குலுங்கிற்று. நடுக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடமே நீடித்தது. ஆயின் நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்து போனமையால், தொடர்ந்து மூண்ட தீயை அணைக்க நீரில்லை. மூன்று நாள் எரிந்த அத்தீ சுமார் 28,000 கட்டடங்களை அழித்தது. நான்கு இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். மாண்டோர் சில நூற்றுவரே என்று அன்றைய அதிகாரிகள் கணக்குக் காட்டினர். 3,000-க்கும் மேல் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. சீனர் குடியிருப்பில் இறந்தவர்களுள் பெரும்பாலோர் அந்த முதற்கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. செத்தபோதே எண்ணப்படாத மக்கள், பிழைத்தவர்களுக்கென அமைந்த முகாம்களில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

படைத்தலைவர் பன்ஸ்டன், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தம் வீரர்களை நகருக்குள் அனுப்பினார். இராணுவ ஆட்சி முறைப்படி அறிவிக்கப்படவில்லை. எனினும் கொள்ளையடிப்போரைச் சுட்டுக்கொல்லலாம் என்று நகரத் தலைவர் அன்றே அறிக்கை விடுத்தார். கோல்டன் கேட் பூங்காவிலும், பிரெசிடியோ என்னும் படைத்தளத்திலும், நகரின் திறந்த வெளிகளிலும் மக்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு குவிந்தனர். சில வாரங்களில் முகாம்கள் ஒழுங்குபெற்றன. அவற்றுள் 21 முகாம்களைப் படையினரே நடத்தினர். கூடாரங்கள் வரிசையாக நடப்பட்டன. கழிப்பிடங்கள் ஒதுக்கி வெட்டப்பட்டன. நீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டும் என்று கட்டளையிட்டனர். மருத்துவர்கள் தவறாது சுற்றிப் பார்த்தனர். கொள்ளை நோய் பரவி முகாம்களைச் சூறையாடவில்லை என்பது இவ்வேற்பாட்டிற்குரிய பெருமையே. அதனை மறைத்தல் நேர்மையாகாது.

உணவு வரிசையில் முதல் நாட்களில் செல்வரும் கூலிக்காரரும் அடுத்தடுத்து நின்றனர். ஏப்ரல் இறுதியில் நாளொன்றுக்கு மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட பங்குகள் வழங்கப்பட்டன. அப்புறம் நிருவாகத்தார்க்கு வேறொரு கவலை பிறந்தது: ஏழைகள் இலவச உணவுக்குப் பழகிவிடுவார்களாம்! ஆகவே, பொருளாகக் கொடுப்பதை நிறுத்திப் பொது அடுக்களைகளை நிறுவினர். அங்குச் சென்று உண்ண மனமின்றிப் பலர் விலகினர். எண்ணிக்கை விரைந்து குறைந்தது. அதுவே அதிகாரிகள் விரும்பிய பயன். நன்கொடையாக வந்த மாவை விற்றுவிட முனைந்தபோது, அது எங்களுக்காக வந்த மாவு என்று அகதிப் பெண்கள் திரண்டு வாதாடினர்.

இனிச் சீனர் கதைக்கு வருவோம். 1900-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரில் ஏறத்தாழ 14,000 சீனர் இருந்தனர். தீக்குப்பின் அவர்களுள் பலர் விரிகுடாவைக் கடந்து ஓக்லாந்துக்குச் சென்றனர். எஞ்சியோரை முதலில் வான் நெஸ் சாலையின் கடற்கரை முனையில் தங்கவைத்தனர். பின்னர் பிரெசிடியோவின் கோல்ப் திடலுக்கு மாற்றினர். கோடைக்காற்றில் சீனர் முகாமின் வாடை தங்கள் வாயிற்படிக்கு வரும் என்று அண்டை வீட்டார் முறையிடவே, இன்னும் தொலைவிலுள்ள கோட்டை முனைக்குத் துரத்தினர். ஊருக்குக் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்று பார்த்துச் சேரிக்கு இடம் ஒதுக்கிய நாட்டிலே பிறந்த நமக்கு இம்முறையீடு புதிதன்று. நிவாரணம் ஆள் பார்த்துச் செய்யப்படலாகாது, சீனருக்கும் பிறருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எழுதியிருந்தார். தாள் வாஷிங்டனிலிருந்து வந்தது. கூடார ஆணியை அடித்தவர்களோ உள்ளூரார். அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டிருந்த வேளையில், எரிந்த சீனர் தெருக்களில் சாம்பலைக் கிளறிப் பொருள் திருடியவர்களுள் காவலுக்கு நின்ற தேசியக் காவற்படையினரும் இருந்தனர்.

இதனினும் பெரிய திட்டமொன்று நகரப் பெருமக்கள் உள்ளத்தில் இருந்தது. நகரின் நடுவிலிருந்த விலைமதிப்புள்ள அந்நிலத்தைச் சீனரிடமிருந்து மீட்டு, அவர்களை ஹன்டர்ஸ் பாயின்ட் என்னும் கோடிப் புறத்திற்கு நிரந்தரமாக அனுப்பிவிடுவதே அது. சீன அரசின் தூதுவர்கள் ஆளுநரைக் கண்டு, தங்கள் அரசுக்குச் சொந்தமான பழைய இடத்திலேயே தூதரகத்தைக் கட்டுவோம் என்று உறுதிபடக் கூறினர். வாடகை இழக்க விரும்பாத வெள்ளை நிலக்கிழார்கள் ஒருபுறம். சீனத்தோடு நடக்கும் வாணிகம் வேறு துறைமுகங்களுக்குப் போய்விடுமோ என்னும் அச்சம் மறுபுறம். திட்டம் கைவிடப்பட்டது, சீனர் தம் பழைய தெருக்களிலேயே கட்டத் தொடங்கினர். கருணையினால் அன்று, கணக்கினால் அது நடந்தது.

மழைக்காலத்திற்கென 5,610 சிறு மரக்குடில்கள் கட்டப்பட்டன. மாத வாடகை 2 டாலர்; அது விலையில் கழிக்கப்பட்டது. முகாம்கள் மூடப்பட்டபோது ஏழைத் தொழிலாளர் அக்குடில்களைக் குதிரைகள் பூட்டி இழுத்துச்சென்று தம் மனையில் நிறுத்தினர். வாடகைக் குடியாகவே வாழ்ந்த பலர் முதன்முதலில் வீட்டுக்காரர் ஆனது இவ்வாறே. ஆனால் எரிந்த வீட்டிற்கு உரிமையாளராயிருந்து மீண்டும் கட்டியவருக்கு 500 டாலர் வரை கொடையே கிடைத்தது. கடைசி முகாம் 1908 சூனில் மூடப்பட்டது.

குடில்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே 1906 அக்டோபரில், நகரக் கல்விக் குழு ஓர் ஆணை பிறப்பித்தது. சப்பானிய, கொரியக் குழந்தைகள் இனிப் பொதுப் பள்ளிகளில் பயிலலாகாது. சீனக் குழந்தைகளுக்கென இருந்த தனிப் பள்ளிக்கே செல்லவேண்டும். இத்தனைக்கும், நில நடுக்கத்தின்போது அயல்நாடுகளுள் மிகுதியாகப் பொருளுதவி செய்தது சப்பான். அந்நாடு வெகுண்டெழவே, ரூஸ்வெல்ட் தலையிட்டு 1907-இல் சப்பானியப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளுக்குத் திரும்பச் செய்தார். சீனப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி அப்படியே தொடர்ந்தது.