எலும்பு ஏற்றுக்கொண்ட உலோகம்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் வழக்கு. நாநுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தும்போது தகரமும் நகரமும் பிறக்கும் என்று பிறப்பியலில் வகுத்த தொல்காப்பியருக்கும் இது உடன்பாடாகவே இருந்திருக்கும். போன பல்லை மீட்க மனிதன் தந்தத்தையும் பொன்னையும் பலவகை உலோகங்களையும் தாடைக்குள் நட்டுப் பார்த்தான். உடல் அவற்றை விருந்தாக ஏற்கவில்லை. பெரும்பாலும் ஒரு நார்த்திசு உறையால் சுற்றி ஒதுக்கி வைத்தது. நாளடைவில் அவை ஆடத் தொடங்கின. எலும்புக்கும் உலோகத்துக்கும் நேரடி உறவு இல்லை என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவத்தின் முடிந்த முடிபாக இருந்தது.

அம்முடிபு தற்செயலாகத்தான் தகர்ந்தது. 1952இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், முயலின் கால் எலும்பு மச்சையில் குருதி ஓடும் விதத்தைக் காண விரும்பினார். அதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு பார்வைக் கூடு ஒன்றை எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது கூடு வரவில்லை; எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. இதைத் தொல்லை என்று எண்ணாமல் கேள்வியாக எடுத்துக்கொண்டதே அவருடைய பெருமை. 1965இல் கோதென்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறையுடன் உண்ணவும் பேசவும் இடர்ப்பட்ட யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய ஊன்றுகளை நட்டார். 2006இல் லார்சன் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை நிலைத்திருந்தன. ஆயினும் அறிஞர் உலகம் எளிதில் இணங்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எதிர்ப்புக்கு இடையே உழைத்த பின்னர், 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில்தான் இம்முறைக்கு உலக ஏற்பு கிட்டியது. அவர் இதற்கு இட்ட பெயரை நாம் 'என்பிணைவு' எனலாம்.

அடுத்து எழுந்த வினாவே நம் கட்டுரையின் மையம். எலும்பு பற்றுவது உலோகத்தையா, அதன் மேற்பரப்பையா? காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. எலும்பு காண்பது அப்படலத்தைத்தான்; உள்ளிருக்கும் உலோகத்தை அது தொடுவதே இல்லை. இலக்கணம் பயின்றவர்க்கு இது புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது ஈற்றெழுத்தும் முதலெழுத்துமே விளைவை முடிவு செய்கின்றன அல்லவா?

பிரோனமார்க்கின் ஊன்றுகள் கடைசல் எந்திரத்தில் திருகப்பட்டவை. நுண்ணிய கடைசல் வரிகள் தவிர ஏறக்குறைய வழுவழுப்பானவை. எலும்பு பற்றுவதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆந்திரே சுரோடர் குழுவினர், உருகிய டைட்டானியத் துளிகளைத் தெளித்துச் சொரசொரப்பாக்கிய ஊன்றுகளைச் சோதித்து வந்தனர். 1991இல் டேனியல் பூசரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் ஒரு திருப்பம். சிறுவகைப் பன்றிகளின் எலும்பில் அவர்கள் ஆறுவகைப் பரப்புகளை ஒப்பிட்டனர். மின்முறையில் மெருகேற்றிய பரப்பில் எலும்பு நேரே தொட்ட பகுதி 20 முதல் 25 விழுக்காடு; பருமணல் வீசி அமிலத்தால் அரித்த பரப்பில் 50 முதல் 60 விழுக்காடு. உலோகம் ஒன்றே, வேறுபட்டது தோல் மட்டுமே.

ஏன் இவ்வாறு? ஊன்று நடப்பட்டதும் முதலில் அதைத் தொடுவது குருதி. உறைந்த குருதியின் ஃபைப்ரின் இழைகள் கரடுமுரடான பரப்பில் உறுதியாகப் பிடித்துக்கொள்கின்றன. எலும்பாக்கச் செல்கள் அவ்விழைகளைப் பற்றி நடந்து உலோகத்தை அடைந்து, அங்கேயே எலும்பை இடத் தொடங்குகின்றன. வழுவழுப்பான பரப்பில் இழைகள் எளிதில் அறுந்துபோவதால், எலும்பு பழைய விளிம்பிலிருந்தே மெல்ல வளர்ந்து வர நேர்கிறது. பார்பரா போயன், சுவி சுவார்ட்ஸ் ஆகியோரின் குழு 1990களில் ஆய்வுக்கூடச் செல்களில் கண்டது இன்னும் வியப்புக்குரியது. சொரசொரப்பான பரப்பில் செல்களின் எண்ணிக்கை பெருகவில்லை, குறைந்தது. ஆனால் முதிர்ந்த எலும்புச் செல்லின் அடையாளமாகிய ஆஸ்டியோகால்சின் கூடியது. பெருகுவதை நிறுத்தித் தொழிலில் இறங்கிவிட்டன எனலாம். பரப்பின் மேடுபள்ளம் செல்லின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறியதும் செல்லின் நடத்தையும் மாறுகிறது.

இவ்வறிவின் பயனாக, மணலும் அமிலமும் பட்ட ஊன்றுகள் 1990களின் இறுதியில் பரவலாயின. நல்ல எலும்பு உள்ளவர்க்குக் காத்திருப்பு ஆறு வாரமாகச் சுருங்கியது. 2005 அளவில் நீரை ஈர்க்கும் பரப்புகளும் வந்தன.

எனினும் கரடுமுரடு கூடக்கூட நன்மையும் கூடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். ஈறு விலகிப் பரப்பு வெளிப்பட்டுவிட்டால், எலும்புக்கு இடம் தந்த அதே பள்ளங்கள் நுண்ணுயிர்களுக்கும் குடியிருப்பாகின்றன. நோய் தொடங்கிய பின் சொரசொரப்பான ஊன்றைச் சுற்றியே எலும்பு விரைந்து அழிவதை விலங்குச் சோதனைகளில் கண்டனர். ஆன் வென்னர்பெரி, தோமாஸ் ஆல்பிரெக்ட்சன் ஆகியோர் நெடுநாள் ஆய்ந்து பரிந்துரைத்தது இடைப்பட்ட அளவையே: சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரான், மயிரிழைத் தடிமனில் சில பத்தில் ஒரு பங்கு.

பிரோனமார்க் 2014இல் மறைந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் டைட்டானியத் தாது இருப்பதை நாம் அறிவோம். அந்த மணலைக் காலால் அளைந்து நடக்கும் நம்மவர் சிலரின் தாடையில் இன்று அதே தனிமம் வேரூன்றி நிற்கிறது. அவர்கள் தடுமாறாமல் 'தந்தை' என்று சொல்லும்போது, கழற்ற முடியாத ஒரு கூட்டின்முன் சினம் கொள்ளாமல் சிந்தித்த மனிதரையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.